முதல் மிதியில் ஏமாற்றும் பிரேக் பெடல்: எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது?

வாசகரின் கடிதம் நீளமானது. அவர் யார் என்று தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை முதலில் தருகிறேன். அவரிடம் இருப்பது ஆறு ஆண்டு ஓடிய சிறிய கார். ஓராண்டுக்கு முன் இன்னொருவரிடமிருந்து வாங்கியிருக்கிறார். முன்சக்கரங்களில் டிஸ்க் (சுழலும் தட்டை இருபுறமும் பேட்கள் கவ்விப் பிடிக்கும் பிரேக்), பின்சக்கரங்களில் டிரம் (சுழலும் உருளையை உள்ளிருந்து ஷூக்கள் அழுத்திப் பிடிக்கும் பிரேக்), சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் வசதியும் உண்டு. பிரேக்கை மிதித்தால் பெடல் ஏறக்குறைய பாதி ஆழம் இறங்கிய பிறகே வண்டி பிடிக்கத் தொடங்குகிறது. நண்பரின் காரிலோ காலை வைத்ததுமே பெடல் உறுதியாக நிற்கிறது. சர்வீஸ் மையத்தில் இரண்டு முறை காட்டியும் "இந்த மாடலே இப்படித்தான்" என்ற பதில்தான் கிடைத்திருக்கிறது. பிறகு உதிரிபாகக் கடைக்காரர் ஒருவர் ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்: அதே நிறுவனத்தின் பெரிய காரில் வரும் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளும் பாகம்), ஸ்டீல் பின்னல் ஹோஸ்கள், ரேஸ் பேட், வரி வெட்டிய டிஸ்க், டாட் 5 பிரேக் ஆயில். எல்லாவற்றையும் போட்டால் பெடல் கல் போல ஆகிவிடும் என்பது அவர் தந்த உறுதி. இவற்றை எந்த வரிசையில் வாங்குவது, வாங்கினால் உத்தரவாதமும் காப்பீடும் என்ன ஆகும், சர்வீஸ் மையத்தை வற்புறுத்த உரிமை உண்டா என்று வாசகர் கேட்கிறார். பின்குறிப்பாக, அலுமினிய பெடல் உறை போடலாமா என்றும் கேட்டிருக்கிறார். இவற்றுக்கு நடுவே போகிறபோக்கில் ஒரு செய்தியும் சொல்லியிருக்கிறார். எழுபது வயதைக் கடந்த, முழங்கால் வலியுள்ள அவருடைய தந்தையும் இதே காரை ஓட்டுகிறார். "முதல் மிதி ஏமாற்றுகிறது, உடனே இரண்டாவது தடவை மிதித்தால் பிடித்துக்கொள்கிறது" என்று அவர் அடிக்கடி சொல்வதுண்டாம்.

அன்புள்ள வாசகருக்கு,

பெடல் காலுக்கு உறுதியாகப் படவேண்டும் என்று விரும்புவதில் தவறு எதுவும் இல்லை. எவ்வளவு மிதித்தால் எவ்வளவு பிடிக்கும் என்பது காலுக்குத் தெளிவாகத் தெரிந்தால்தான் மழையிலும் நெரிசலிலும் ஓட்டுநரால் பிரேக்கை அளந்து கையாள முடியும். ஆனால் உங்கள் கடிதம் முழுவதும் ஓர் அனுமானம் ஓடுகிறது. கெட்டியான பெடல் என்றால் வண்டி சீக்கிரம் நிற்கும், மெத்தென்ற பெடல் என்றால் பிரேக் பலவீனம் என்று நினைக்கிறீர்கள். இவை இரண்டும் வெவ்வேறு விஷயங்கள். சக்கரத்தை ஏபிஎஸ் குறுக்கிடும் அளவுக்கு உங்கள் பிரேக்கால் இறுக்கிப் பிடிக்க முடிகிறது என்றால், அதன்பின் வண்டி எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதை முடிவு செய்வது டயரும் சாலையும்தான். நல்ல டயரும் உலர்ந்த சாலையும் இருந்தால், 100 கி.மீ. வேகத்தில் போகும் கார் முழு பிரேக்கில் நிற்க ஏறத்தாழ 40 முதல் 50 மீட்டர் ஆகும். மாஸ்டர் சிலிண்டரை மாற்றுவதால் அது குறைந்துவிடாது. பெடல் ஆழமாக இறங்குவதால் உண்மையில் இழக்கக்கூடியது நேரம். பிரேக் பிடிப்பதற்கு 0.1 நொடி தாமதமானாலும் அதே 100 கி.மீ. வேகத்தில் வண்டி 2.8 மீட்டர் முன்னே போய்விடும். அது அலட்சியம் செய்யக்கூடிய தூரம் அல்ல. ஆகவே உங்கள் கவலை நியாயமானது. அதற்குத் தேர்ந்தெடுத்திருக்கும் மருந்துதான் பொருந்தவில்லை.

உங்கள் தந்தை சொன்ன அந்த ஒரு வாக்கியம், கடைக்காரரின் பட்டியல் முழுவதையும்விட எனக்கு அதிகம் சொல்கிறது. ஒரு மாடலின் இயல்பே மெத்தென்ற பெடல் என்றால் அது முதல் மிதியிலும் இரண்டாவது மிதியிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். முதல் மிதியில் ஆழமாகப் போய், உடனே மிதித்தால் மேலேயே நிற்கிறது என்றால், பெரும்பாலும் பேடோ லைனிங்கோ (ஷூவின் மேலுள்ள உராய்வுப் பட்டை) இருக்கவேண்டிய இடத்தைவிட விலகி நிற்கிறது, அல்லது ஆயிலில் காற்று புகுந்திருக்கிறது. முதல் மிதியில் தள்ளப்படும் ஆயில் அந்த இடைவெளியை நிரப்புவதிலேயே செலவாகிவிடுகிறது. ஷூக்கள் முழுதாகத் திரும்பி வருவதற்குள் இரண்டாவது மிதி வந்துவிடுவதால் அது நேராகப் பிடிக்கிறது.

இடைவெளி எவ்வளவு சிறிதாக இருந்தாலும் பெடலில் எப்படிப் பெருகித் தெரிகிறது என்பதை ஒரு கணக்கில் காட்டுகிறேன். மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் 22.2 மி.மீ., பெடலின் நெம்பு விகிதம் 4 (சிலிண்டரின் பிஸ்டன் நகரும் தூரத்தைப்போல் நான்கு மடங்கு பெடல் இறங்கும்), பின்டிரம்மில் ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் விட்டம் 19 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம், சிறிய கார்களில் பொதுவாகக் காணப்படும் அளவுகள் இவை. வீல் சிலிண்டரின் ஒவ்வொரு பிஸ்டனும் வழக்கத்தைவிட 0.5 மி.மீ. கூடுதலாக நகரவேண்டியிருந்தால், காலுக்கடியில் பெடல் ஏறக்குறைய 6 மி.மீ. கூடுதலாக இறங்கும். முன்சக்கரத்தில் இந்தப் பெருக்கம் இன்னும் அதிகம். பேட்களை டிஸ்க்கில் அழுத்தும் கேலிப்பரின் 54 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டன் இரு பக்கமும் வெறும் 0.1 மி.மீ. பின்னால் தள்ளப்பட்டிருந்தாலே பெடலில் கிட்டத்தட்ட 5 மி.மீ. போய்விடும். தேய்ந்த வீல் பேரிங், ஆட்டம் உள்ள டிஸ்க், டிஸ்க் பொருந்தும் ஹப்பின் முகத்தில் படிந்த துரு இவற்றில் ஏதாவது ஒன்று போதும், வண்டி ஓட ஓட டிஸ்க் பேடைத் தட்டித் தட்டிப் பின்னால் தள்ளிவிடும். இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் உண்டு. புதிய ஹோஸ் போட்டுப் பெறக்கூடிய உறுதியைவிட, டிரம்மைத் திறந்து ஷூவைச் சரியாக நெருக்கி வைத்துப் பெறக்கூடியது பல மடங்கு அதிகமாக இருக்கலாம். அதற்குப் புதிய பாகம் எதுவும் தேவைப்படாமலும் போகலாம்.

நீங்களே செய்து பார்க்கக்கூடியவை

சமதரையில், சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியை நிறுத்திவிட்டுப் பின்வரும் சோதனைகளைச் செய்யுங்கள். வண்டிக்கு அடியில் யாரும் போகவேண்டிய அவசியம் இல்லை.

முதலில் ஹேண்ட்பிரேக்கை விட்டுவிட்டு ஒரு முறை மிதித்து, பெடல் எவ்வளவு ஆழம் போகிறது என்று பாருங்கள். பிறகு ஹேண்ட்பிரேக்கை இறுக்கிப் போட்டு மீண்டும் ஒரு முறை மிதியுங்கள். ஹேண்ட்பிரேக் கேபிள் பின் ஷூக்களை டிரம்மோடு சேர்த்துப் பிடித்துவிடுவதால், இடைவெளி பின்பக்கம்தான் என்றால் இப்போது பெடல் கண்ணுக்குத் தெரியும்படி மேலே நிற்கும். உங்கள் காரில் இப்படித்தான் நிகழும் என்பது என் எதிர்பார்ப்பு. டிரம்முக்குள் இருக்கும் தானியங்கி அட்ஜஸ்டரின் பல்சக்கரம் தூசியிலும் துருவிலும் இறுகிப்போனால், லைனிங் தேயத் தேய அது திரும்பாமலே இருந்துவிடும். பின் டிரம் உள்ள கார்களில் நான் அதிகம் பார்ப்பது இந்தப் பழுதைத்தான். முன்பக்கம் மட்டும் பேட் மாற்றிப் பின்பக்கத்தைத் திறக்காமலே அனுப்பிவிடும் பட்டறைகளில் இது ஆண்டுக்கணக்கில் யார் கண்ணிலும் படாது.

இரண்டாவதாக, அடுத்தடுத்து நாலைந்து முறை மிதித்து, கடைசி மிதியில் காலை எடுக்காமல் அழுத்தியே வைத்திருங்கள். பெடல் மேலே வந்தாலும் அழுத்தும்போது இன்னும் துள்ளுகிறது என்றால் உள்ளே காற்று இருக்கிறது. கெட்டியாக நிற்கிறது என்றால் அது இடைவெளிப் பிரச்சினை. முதலில் நின்று, பிறகு அரை நிமிடத்துக்குள் மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கினால், எங்கோ ஆயில் கசிகிறது அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்திருக்கிறது. அப்படி இறங்கினால் அந்த வண்டியை ஓட்டாதீர்கள். பட்டறைக்குக்கூட ஏற்றிக்கொண்டுதான் போகவேண்டும்.

மூன்றாவது, காலின் விசையை வெற்றிடத்தின் உதவியால் பெருக்கித் தரும் பூஸ்டருக்கான சோதனை. இன்ஜினை நிறுத்திவிட்டுப் பலமுறை மிதித்தால் பெடல் விறைத்துவிடும். அப்படியே மிதித்த நிலையில் இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது என்று பொருள். இறங்கவே இல்லையென்றால் வெற்றிடக் குழாயையோ அதன் ஒருவழி வால்வையோ பூஸ்டரையோ பார்க்கவேண்டும்.

கடைக்காரரின் பட்டியல்

மாஸ்டர் சிலிண்டரில்தான் எனக்கு மிகுந்த கவலை. பெரிய விட்டமுள்ள சிலிண்டரைப் போட்டால் பெடல் குறைவாக இறங்கும், கெட்டியாகவும் தோன்றும். அதில் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அந்தக் கெட்டித்தன்மைக்கு நீங்கள் கொடுக்கும் விலையைத்தான் அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். 22.2 மி.மீ. விட்டத்திலிருந்து 25.4 மி.மீ.க்குப் போனால் பிஸ்டனின் பரப்பு ஏறக்குறைய 31 சதவீதம் கூடுகிறது. ஒரே விசையைப் பெரிய பரப்பில் கொடுத்தால் அழுத்தம் குறையும்; இங்கே அது சுமார் 24 சதவீதம் குறைகிறது. வேறு விதமாகச் சொன்னால், இன்றைக்கு வண்டி நிற்கும் அதே தூரத்தில் நாளைக்கும் நிற்கவேண்டும் என்றால், சிலிண்டரைத் தள்ளும் விசை 31 சதவீதம் அதிகமாக வேண்டும். பூஸ்டர் அதில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் ஓடும்போது இன்ஜின் நின்று, பூஸ்டரில் இருக்கும் வெற்றிடமும் தீர்ந்துபோனால், முழுச் சுமையும் காலின் மேல் விழும். முழங்கால் வலியுள்ள எழுபது வயதுக்காரர் அந்தக் காலுக்குச் சொந்தக்காரராக இருக்கலாம் என்பதை நினைத்துப் பாருங்கள். அதோடு, இந்தச் சிலிண்டர் இடைவெளியைச் சரிசெய்வதில்லை, மறைக்கத்தான் செய்கிறது. டிரம்முக்குள் பழுது அப்படியே இருக்க, அதை உங்களுக்கு உணர்த்திக்கொண்டிருந்த பெடல் மட்டும் பேசாமல் போய்விடும். இது வேண்டவே வேண்டாம்.

ரேஸ் பேடும் உங்களுக்குப் பொருந்தாது. பந்தயத்துக்கென்று செய்யப்படும் பேட்கள் நன்றாகச் சூடான பிறகே முழுப் பிடிப்பைத் தருபவை. வீட்டிலிருந்து கிளம்பி முதல் திருப்பத்தில் மிதிக்கும்போது அவை குளிர்ந்தே இருக்கும். முதல் மிதி ஏமாற்றுகிறது என்ற புகாருக்கு, முதல் மிதியில் இன்னும் குறைவாகப் பிடிக்கும் பேட் தீர்வாகாது. முன்பக்கம் மட்டும் உராய்வு மிகுந்த பேட் போட்டால் முன்பின் சமநிலையும் மாறும். முன்சக்கரங்கள் சீக்கிரமே ஏபிஎஸ்ஸுக்குள் போய்விட, பின்சக்கரங்கள் தம் பங்கை முழுதாகச் செய்யாமலே இருந்துவிடும். அதற்குப் பதிலாக, சாலைப் பயன்பாட்டுக்கான தரமான பேட் வாங்குங்கள். பேடின் பின்தகட்டில் ஆர் 90 (R90, மாற்றுப் பேட்களுக்கான ஐ.நா. விதிமுறை) ஒப்புதல் குறி இருந்தால் அதன் செயல்திறன் மூல பேடிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகாது என்ற வரம்புக்குள் சோதிக்கப்பட்டது என்று அர்த்தம். சில பேட்களின் விளிம்பில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டிலும் இரண்டாவது எழுத்து அதிகச் சூட்டிலும் உள்ள உராய்வைக் குறிக்கிறது: இ என்றால் 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. புதிய பேட் போட்ட பிறகு அதை டிஸ்க்கோடு பழக்கவேண்டும். போக்குவரத்து இல்லாத சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 கி.மீ. வரை, முழுதாக நிற்காமல், எட்டுப் பத்து முறை மிதமாகப் பிரேக் பிடித்து, பிறகு பிரேக்கைத் தொடாமல் சிறிது தூரம் ஓட்டி ஆறவிடுங்கள். பெடல் உணர்வைப் பொறுத்தவரை, பழக்கப்படாத நல்ல பேடைவிடப் பழக்கப்பட்ட சாதாரண பேடே மேல்.

ஸ்டீல் பின்னல் ஹோஸ் மட்டும் இந்தப் பட்டியலில் பெடல் உணர்வோடு நேரடித் தொடர்புடையது, நேர்மையானதும்கூட. ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் சற்றே விரிகிறது. டெஃப்லான் குழாய்மேல் எஃகுப் பின்னல் போட்ட ஹோஸ் அவ்வளவு விரிவதில்லை. ஆனால் நல்ல நிலையிலுள்ள ரப்பர் ஹோஸை எடுத்துவிட்டு இதைப் போட்டால் கிடைக்கும் வித்தியாசம் சிறிதுதான். வெடிப்பு விட்டு முதுமையடைந்த ஹோஸ்தான் பெரிய வித்தியாசம் காட்டும்; அதற்குப் பதில் புதிய ரப்பர் ஹோஸ் போட்டாலும் அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி கிடைத்துவிடும். இன்ஜின் ஓடும்போது ஒருவர் பெடலை அழுத்த, இன்னொருவர் திருப்பி வைத்த முன்சக்கரத்தின் பக்கத்திலிருந்து ஹோஸைப் பார்த்தால், அது உப்புகிறதா என்பது தெரிந்துவிடும். போடுவதாக முடிவு செய்தால், தொழிற்சாலையிலேயே முனை இறுக்கப்பட்டு அழுத்தச் சோதனைக்கு உட்பட்டதாகவும், பின்னலுக்குமேல் பிளாஸ்டிக் உறை உள்ளதாகவும் வாங்குங்கள். பின்னலுக்குள் நுழையும் மணல் உள்குழாயை அரிக்கும். வெற்றுப் பின்னல் பக்கத்தில் இருப்பவற்றையும் அறுக்கும். பொருத்திய பிறகு ஸ்டீரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பியும், சக்கரத்தைத் தொங்கவிட்டும், ஹோஸ் எங்கும் இழுபடாமலும் முறுக்கிக்கொள்ளாமலும் இருக்கிறதா என்று நீங்களே நின்று பாருங்கள்.

வரி வெட்டிய டிஸ்க் பெடலுக்கு எதுவும் செய்யாது. விட்டுவிடுங்கள்.

பிரேக் ஆயில் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. எண் பெரிதானால் தரம் கூடும் என்று நினைத்து டாட் 5 வாங்குகிறார்கள். டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் (glycol) வகையைச் சேர்ந்தவை. டாட் 5 சிலிக்கான் வகை. மற்றவற்றோடு கலக்காது, நுண்ணிய காற்றுக் குமிழிகளைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்ளும், ஏபிஎஸ் உள்ள கார்களுக்குப் பரிந்துரைக்கப்படுவதும் இல்லை. பெடலை உறுதியாக்கப் போட்ட ஆயிலே அதை மெத்தென்று ஆக்கிவிடும். புதிய ஆயிலுக்குக் குறைந்தபட்சக் கொதிநிலை டாட் 3க்கு 205 டிகிரி, டாட் 4க்கு 230, டாட் 5.1க்கு 260. ஈரம் ஏறிய பிறகு இவை 140, 155, 180 ஆகச் சரிகின்றன. மலைப்பாதையில் தொடர்ந்து பிரேக் பிடித்து இறங்கும்போது இந்த வித்தியாசம் உயிர்காக்கும். நகரத்தில் குளிர்ந்த பிரேக்கோடு போகும்போது பெடலில் எதையும் மாற்றாது. உங்கள் காரின் ஆயில் மூடியில் எழுதியிருப்பதையே ஊற்றுங்கள், தயாரிப்பாளர் சொல்லும் கால இடைவெளியில் முழுதாக மாற்றுங்கள்.

பட்டியலில் இல்லாத ஒன்றையும் சிலர் உங்களுக்குச் சொல்லக்கூடும். பெடலுக்கும் பூஸ்டருக்கும் இடையே உள்ள தள்ளுதண்டை நீட்டிவிட்டால் பெடல் மேலே வந்துவிடும் என்பார்கள். கொஞ்சம் கூடிப்போனாலும், மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஆயில் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளை அடைபட்டுவிடும். சூட்டில் விரியும் ஆயிலுக்குப் போக வழியில்லாமல் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். தயாரிப்பாளர் கொடுத்த அளவுக்கு மேல் அதை யாரையும் தொடவிடாதீர்கள்.

சர்வீஸ் மையம், உத்தரவாதம், காப்பீடு

"இந்த மாடலே இப்படித்தான்" என்பது கருத்து, பரிசோதனை முடிவு அல்ல. பணம் கொடுத்துச் சோதனை கேட்கும் வாடிக்கையாளர் அளவுகளை எழுத்தில் கேட்கலாம். முதல் மிதி, இரண்டாவது மிதி வித்தியாசத்தை வேலைச் சீட்டில் உங்கள் சொற்களிலேயே எழுதவையுங்கள். பேடின் தடிமன், டிஸ்க்கின் தடிமன், டிஸ்க்கின் ஆட்டம், டிரம்மின் உள்விட்டம், ஆயிலின் ஈரம் ஆகியவற்றை அளந்து எழுதித் தரும்படி கேளுங்கள். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமனும் டிரம்மின் அதிகபட்ச விட்டமும் பெரும்பாலும் அந்தப் பாகங்களிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். டிஸ்க்கின் ஆட்டத்துக்குப் பல தயாரிப்பாளர்கள் அனுமதிப்பது 0.05 மி.மீ. அளவுதான். அங்கேயே நிற்கும் அதே மாடல் கார் ஒன்றில் பெடலை மிதித்துப் பார்க்கவும் அனுமதி கேளுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அவர்கள் சொன்னது சரி என்று நீங்கள் ஏற்கலாம். இல்லையென்றால் அவர்களால் மறுக்க முடியாது. முந்தைய உரிமையாளர் என்னென்ன மாற்றினார் என்பது உங்களுக்குத் தெரியாது என்பதால் இந்த ஒப்பீடு இன்னும் முக்கியமாகிறது.

ஒப்புதல் குறியுள்ள பேடையோ ஹோஸையோ பழையதற்குப் பதிலாகப் போடுவது வழக்கமான பராமரிப்பு. மாஸ்டர் சிலிண்டரின் விட்டத்தையோ டிஸ்க்கின் அளவையோ மாற்றுவது வண்டியின் அமைப்பையே மாற்றுவதாகும். இரண்டாவது வகையைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்காமல் செய்தால், விபத்துக்குப் பின் இழப்பீடு கேட்கும்போது அது உங்களுக்கு எதிராக எடுத்து வைக்கப்படலாம். தகுதிச் சோதனையிலும் கேள்வி எழலாம். உத்தரவாதத்தின் வரம்பு உங்கள் நாட்டுச் சட்டத்தையும் ஒப்பந்தத்தையும் பொறுத்தது. எதுவானாலும் மாற்றிய பாகத்தின் ரசீதையும் பழைய பாகத்தையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வரிசையில் செய்வது

முதலில் பின் டிரம்களைத் திறந்து சுத்தம் செய்து, அட்ஜஸ்டரை விடுவித்து, ஷூவை நெருக்கி வைக்கவேண்டும். ஹேண்ட்பிரேக் கேபிளைத் தளர்த்திவிட்டு ஷூவைச் சரிசெய்து, அதன் பிறகே கேபிளை இறுக்கவேண்டும். கேபிளை இழுத்து இடைவெளியைச் சமாளிப்பது தவறான முறை. அடுத்து முன் கேலிப்பரின் வழுக்கு ஊசிகள் தாராளமாக நகர்கின்றனவா என்று பார்த்து, ரப்பரைக் கெடுக்காத சிலிக்கான் கிரீஸ் போடவேண்டும். வீல் பேரிங்கின் ஆட்டத்தையும் அப்போதே பார்த்துவிடலாம். பிறகு ஆயிலை முழுதாக மாற்றிக் காற்றெடுக்கவேண்டும். பெடலைத் தரைவரை மிதித்து மிதித்துக் காற்றெடுக்க விடாதீர்கள். ஆறு ஆண்டுகளாகப் பிஸ்டன் போகாத ஆழத்தில் சிலிண்டரின் உட்சுவர் அரித்திருக்கலாம், அதில் ரப்பர் வளையம் உரசிக் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டை வைத்தாலே போதும். ஏபிஎஸ் அமைப்புக்குள் காற்று போயிருந்தால் ஸ்கேன் கருவியால் அதன் பம்பை இயக்கித்தான் வெளியேற்ற முடியும். அந்தக் கருவி உள்ள பட்டறையாகப் பாருங்கள்.

இவ்வளவும் முடித்து ஒரு மாதம் ஓட்டுங்கள். உங்கள் தந்தையையும் ஓட்டச் சொல்லி அவர் கருத்தைக் கேளுங்கள். அதன் பிறகும் பெடல் இன்னும் கொஞ்சம் உறுதியாக வேண்டும் என்று தோன்றினால், ஹோஸ்களையும் நல்ல சாலை பேடையும் மாற்றுவதில் எனக்கு மறுப்பு இல்லை.

பின்குறிப்பில் கேட்ட அலுமினிய பெடல் உறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். மழையில் நனைந்த செருப்போடு ஏறும்போது வழவழப்பான உலோகத்தில் கால் வழுக்கும். கிளிப்பில் மட்டும் நிற்கும் உறை கழன்று பெடலுக்கு அடியில் சிக்கினால் பிரேக்கே பிடிக்காமல் போகலாம். இப்போதுள்ள ரப்பர் உறையின் வரிகள் தேய்ந்திருந்தால் அதே காருக்கான புதிய ரப்பர் உறையை வாங்கிப் போடுங்கள். அப்படியே, தரைவிரிப்பு நழுவிப் பெடலுக்கு அடியில் மடிந்துவிடாமல் அதன் கொக்கிகளில் மாட்டியிருக்கிறதா என்பதையும் இன்றே பார்த்துவிடுங்கள்.